ஆவணத்தில் இல்லாத ஒட்டு

ரான்ஃபர்லியில் ஆட்டுக்கும் நாய்க்கும்
தையல் போடுகிறவள் நான்.
கிளினிக்கைப் பூட்டியபின்னும்
அதே வளைந்த ஊசி, அதே முடிச்சு.
மேசைமேல் மட்டும் வேறு விலா.

டைகர் மாத். நாலில் ஒரு பங்கு.
முனைக்கு முனை ஏழடிக்கு மேல்;
சமையலறைக் கதவை
மார்ச்சிலிருந்து சாத்த முடியவில்லை.

அசலில் மூன்றங்குலத்துக்கு ஒரு முடிச்சு,
என்னுடையதில் முக்கால் அங்குலத்துக்கு ஒன்று.
எண்ணூறு வரை எண்ணினேன்.
முடிச்சின்மேல் நாடா,
நாடாவின் ஓரமெல்லாம் ரம்பப்பல்.
அவ்வளவு பொடிப் பல்லை வெட்டும் கத்தரி
எந்தக் கடையிலும் இல்லை.
நின்றுபோன கடிகாரத்தின் பல்சக்கரத்தைத்
துணிமேல் அழுத்தி உருட்டினேன்.

எல்லாம் சுருங்கும், நூல் சுருங்காது.
நல்ல லினனாகக் கேட்டு வாங்கிப்
போர்த்திப் பார்த்தால்
இறக்கைக்குக் கோணிப்பை மாட்டியமாதிரி.
கடைசியில் அகப்பட்டது
பழந்துணிக் கடையில், ஆறு டாலருக்கு,
எவளோ ஒருத்தியின் கல்யாண கவுனுக்குள்ளிருந்த
உள்துணி.
டோப் பூசியதும் இழுத்துக்கொண்டது.
சுண்டினேன்: தம் என்றது.
வாடை தாங்காமல் நாய் எழுந்து போயிற்று.

விலாவுக்கும் விலாவுக்கும் நடுவே
துணி கொஞ்சம் பள்ளம் விழவேண்டும்,
குளிர்காலம் தாண்டிய குதிரையின் பக்கம்போல.
அதிகம் விழுந்தால் பொய்.
விழாவிட்டாலும் பொய்.

என்னிடம் இருப்பது ஒரே புகைப்படம்:
ஐம்பத்தொன்றில்
மேய்ச்சல் மேடுகளுக்கு உரம் தூவிய விமானம்.
இடது கீழிறக்கையின் அடியில்
கோணலாக ஓர் ஒட்டு.
யாரோ அவசரத்தில் போட்டது.
அவருக்கு அது பத்து நிமிஷ வேலை.
அந்த அவசரத்தை அப்படியே எடுக்க
எனக்கு நாலு ராத்திரி.

முதல் ஒட்டு நேராக விழுந்தது.
பதினாறு வருஷம்
காயத்தை நேராக மூடிய கை,
சொன்னால் கேட்கிறதா?
மூன்றாவது,
கோணலாக இருக்க முயன்ற கோணல்.
அதைப்போல் அசிங்கம் வேறில்லை.
நாலாம் ராத்திரி
கன்று குறுக்கே கிடந்த ஒரு பசுவைப் பார்த்துவிட்டு
கண் சொருக வந்து உட்கார்ந்தேன்.
ஒட்டு சரியாகக் கோணிற்று.

போட்டிக்கு முந்தின நாள் வெடர்பர்ன் மேட்டில்
பறக்கவிட்டுப் பார்த்தோம், நானும் டெய்னும்.
வெயிலுக்கு எதிரே அது திரும்பியபோது
துணிக்குள் எலும்பு முழுக்கத் தெரிந்தது.
வாயடைத்து நின்றதில்
காற்று மாறியதைக் கவனிக்கவில்லை.
ஓடுதளத்தைத் தாண்டி
மடகோரிப் புதரில் இறங்கியது.
முள், வலது கீழிறக்கையில்,
ஒரு விரல் நீளத்துக்கு.

டிரக்கின் முன்விளக்கு வெளிச்சத்தில்
மிச்சத் துணியை வைத்து ஒட்டினேன்.
தூறத் தொடங்கியிருந்தது.
டெய்ன் கையில் எனக்கான இறைச்சிப் பை
ஆறிக்கொண்டிருந்தது.

ஓமாருவில் நடுவர் நைரி பாஸ்கோ
ஒரு கையில் உருப்பெருக்கி,
மறு கையில் என் புகைப்படம்.
இடது ஒட்டை வெகுநேரம் பார்த்தார்.
பல்லை எண்ணினார் போலிருக்கிறது.
"சரி."
வலப்பக்கம் வந்தார்.
"இது எந்தப் படத்தில்?"
"படம் இல்லை. முள்."
"ஆவணம் இல்லாத ஒட்டு," என்று எழுதி
அரை மதிப்பெண் குறைத்தார்.
அவர் சொல்வதும் நியாயம்தான்.

வெளியே வந்ததும் டெய்ன் குனிந்து
இறக்கைக்கடியில் கைபேசியை நீட்டி
ஒரு படம் எடுத்தான்.
"இனி இருக்கிறது."

வீடு வரைக்கும்
வண்டி குலுங்கும்போதெல்லாம்
இறக்கைக்குள் ஏதோ கிலுகிலுத்தது.
முள்ளின் நுனி.
எடுப்பதென்றால் ஒட்டைக் கிழிக்கவேண்டும்.
விட்டுவிட்டேன்.